மதுரைக்கு மேலே ஒரு நூல்

பெர்த்

பெர்த்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் மூன்றாவது வாக்கியத்துக்குள் தூரம் வந்துவிடும். அவர்களுக்கு அடுத்த பெருநகரம் அடிலெய்ட். விமானத்தில் போனாலே 2,100 கிலோமீட்டருக்கு மேல். சொந்த நாட்டுச் சிட்னியைவிட அயல்நாட்டு ஜகார்த்தா அவர்களுக்குக் கிட்டம். எங்கள் மதுரையிலிருந்து அதே 2,100 கிலோமீட்டர் வடக்கே போனால் டெல்லி வந்துவிடும். வழியில் எத்தனை மொழி, எத்தனை குழம்பு, எத்தனை சண்டை! இங்கே இரண்டு ஊருக்கும் நடுவில் நல்லார்போர் என்ற மரமற்ற சமவெளியும் புதர்க்காடும்தான். ரயில் பாதை அதில் 478 கிலோமீட்டர் வளைவே இல்லாமல் போகிறது. போகிற வழியில் ஓட்டுநர் எதைப் பார்த்துக்கொண்டு இருப்பாரோ.

பெர்த்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர் பில்பாரா பகுதியின் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறார். சுரங்கம் வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். வேலைக்குப் போவதும் வருவதும் விமானத்தில். விடியற்காலையில் பெர்த் விமான நிலையத்துக்குப் போய்ப் பார்த்தால் ஆரஞ்சு, மஞ்சள் நிறச் சட்டையில் ஆட்கள் கையில் காபியுடன் வரிசையில் நிற்கிறார்கள். நம் ஊரில் மில்லுக்கு ஷிப்ட் பஸ் ஏறுகிற முகம்தான் அவர்களுக்கும். "பழகிவிட்டது" என்றார் அவர். மகள் முதன்முதலில் நடந்ததை போனில்தான் பார்த்தாராம். அதையும் அதே குரலில்தான் சொன்னார்.

இந்த ஊருக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1962 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைத் தனியாகச் சுற்றி வந்தபோது, அவர் இருட்டில் தங்கள் தலைக்கு மேல் போகும் நேரம் பார்த்து ஊர்க்காரர்கள் வீட்டு விளக்கு, வாசல் விளக்கு, தெரு விளக்கு என்று எல்லாவற்றையும் எரியவிட்டார்கள். மேலே இருந்தவருக்கு அது தெரிந்தது, நன்றி சொன்னார். அன்று முதல் விளக்குகளின் நகரம் என்று பெயர். மேலே போகிற யாரோ ஒருவருக்காகக் கீழே இருப்பவர்கள் மெனக்கெடுவது வழக்கமில்லை. மேலே போகிறவர்கள் கீழே இருப்பவர்களைப் பற்றி நினைப்பது அதைவிடக் குறைவு.

ஒரு மாலை கிங்ஸ் பார்க் மேட்டில் நடந்தோம். யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே போகையில் ஊட்டிக்கு வந்துவிட்டதுபோல் மூக்கு சொன்னது. உண்மையில் ஊட்டிதான் இந்த வாசனையைக் கடன் வாங்கியது. நீலகிரித் தைல மரத்துக்குப் பிறந்த வீடு ஆஸ்திரேலியா. தங்கை அன்றிரவு வைத்த மீன் குழம்பிலும் இதே கதை. கடையில் பாரமுண்டி என்று எழுதி விற்கிறார்கள்; சட்டியில் கொதித்ததும் நம் கொடுவா. புளி மட்டும் சிங்கப்பூர் வழியாக வந்ததாம்.

சாப்பிட்டு முடித்ததும் தங்கை மகள் தன் மேசையிலிருந்த உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் அடுத்துப் போகவேண்டியது லண்டனுக்கு. இடையில் எங்கும் இறங்காத விமானம். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி பெர்த்தில் ஒரு குண்டூசி, லண்டனில் ஒரு குண்டூசி, நடுவில் தையல் நூல். நூலை இறுக்கிப் பிடித்ததும் அது தானாக நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. "மாமா, இது உங்க வீட்டு மேலதான் போகுது" என்றாள்.

சுவரில் மாட்டுகிற தட்டையான படத்தில் இரண்டு ஊருக்கும் கோடு போட்டால் அது அரபுக்கடலின் மேற்கோடியைத் தொட்டு அரேபியாவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். உருண்டையில் மிகக் குறுகிய வழி வேறு. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூல் இலங்கையில் கதிர்காமம் பக்கம் கரையேறுகிறது. நுவரெலியா மலைகளைத் தாண்டிப் புத்தளம் அருகே கடலில் இறங்குகிறது. மன்னார் வளைகுடாவைக் கடந்து கீழக்கரைப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மதுரைக்கு வடகிழக்கே அழகர்மலையை ஒட்டி, திண்டுக்கல் ஓரமாக, திருப்பூர் மேலே, நீலகிரி வழியாகக் கர்நாடகக் கடற்கரைக்குப் போய்விடுகிறது. 14,498 கிலோமீட்டர் நீளமுள்ள கோடு என் வீட்டிலிருந்து டவுன் பஸ் போகிற தூரத்தில் கடக்கிறது. ஆனால் மதுரையிலிருந்து பெர்த்துக்கு வர வேண்டுமென்றால் சிங்கப்பூரையோ கோலாலம்பூரையோ சுற்றித்தான் வரவேண்டும். நேர்வழி நம் தலைக்கு மேல் இருக்கிறது. ஏறத்தான் படி இல்லை.

நெட்லண்ட்ஸ், ஸ்வான் ஆற்றங்கரை

ஸ்வான் ஆறு பெர்த்துக்குள் ஆறாக இல்லை, ஏரியாக விரிந்து கிடக்கிறது. பிற்பகலில் கடலிலிருந்து வரும் குளிர்காற்றை இங்கே 'ஃப்ரீமேன்டில் டாக்டர்' என்கிறார்கள். டாக்டர் வந்தபிறகுதான் நெட்லண்ட்ஸ் கரைக்குப் போனேன். நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள், பாய்மரப் படகுகள், கறுப்பு அன்னங்கள். வேறொன்றும் இல்லை. ஆனால் இந்தத் தண்ணீரிலிருந்துதான் 1943 முதல் 1945 வரை இலங்கைக்கு விமானம் போய்வந்தது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த வான்வழி அறுந்தது. அதை ஒட்டவைக்க குவாண்டாஸ் நிறுவனம் கட்டலினா என்ற கடல் விமானங்களைப் பிடித்தது. ஐந்து விமானங்கள், ஐந்துக்கும் வழிகாட்டும் நட்சத்திரங்களின் பெயர். அது அலங்காரத்துக்கு வைத்த பெயர் அல்ல. ஜப்பானியர் காதில் விழாதபடி வானொலியை மூடிவைத்து, நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வழி கண்டார்கள். இங்கிருந்து காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரி வரை 5,600 கிலோமீட்டருக்கு மேல். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் சொச்சம். போய்ச் சேர 27 மணி நேரம்; எதிர்க்காற்று அடித்தால் 32. வயிறு முட்ட எரிபொருள் நிரப்பியபின் மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும்தான் இடம் மிச்சம். கழுத்துவரை குளிர். இரண்டு ஆண்டுகளில் 271 முறை கடலைக் கடந்தார்கள். ஒரு விமானத்தைக்கூட இழக்கவில்லை.

அத்தனை நேரம் வானத்தில் இருந்ததால் பயணிகள் ஒரே பயணத்தில் சூரியன் உதிப்பதை இரண்டு முறை பார்த்தார்கள். அதற்கு அத்தாட்சியாக 'இரட்டை உதயத்தின் ரகசியச் சங்கம்' என்று ஒரு சான்றிதழ் வேறு கொடுத்தார்களாம். போர் முடிந்ததும் அந்த விமானங்களுக்கு மரியாதை இல்லை. இரவல் ஒப்பந்தப்படி அமெரிக்காவுக்குப் பணம் கட்டவேண்டும், அல்லது அழிக்கவேண்டும். பெரும்பாலானவற்றை இந்த ஊருக்கு எதிரே உள்ள ராட்னெஸ்ட் தீவுக்கு அப்பால் இழுத்துப்போய் மூழ்கடித்துவிட்டார்கள்.

மறுமுனையில் கொக்கலக்காரர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. கடல் விமானத் தளம் அமைக்க அந்தக் கிராமத்தையே காலிசெய்யச் சொன்னார்கள். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு அங்கே தப்பிப் பிழைத்தது. அதைச் சுற்றி இப்போது நாட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. காலிக்குப் போயிருந்தபோது அந்த வீட்டின் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். ஏரிக்கும் பெர்த்துக்கும் உள்ள உறவு அப்போது எனக்குத் தெரியாது. ஏரியில் படகுக்காரர் இலவங்கப்பட்டைத் தீவைக் காட்டிக் காசு வாங்கியதுதான் நினைவிருக்கிறது.

இந்தியப் பெருங்கடலுக்கு மேல்

விமானம் கிளம்பியது பொழுது சாய்ந்து சற்று நேரத்தில். போயிங் 787, 236 இருக்கை. பதினேழு மணி நேரத்துக்கு மேல் பறந்து விடியுமுன் லண்டனில் இறங்கும். இந்தப் பயணத்தின் விசித்திரம் ஏறி உட்கார்ந்தபின்தான் உறைத்தது: மேற்கு நோக்கி, இரவோடு கூடவே ஓடுகிறோம். பெர்த்தில் சூரியன் மறைந்ததிலிருந்து லண்டனில் அது முளைக்கும்வரை கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ இருபது மணி நேர இரவு. கட்டலினாக்காரர்களுக்கு இரண்டு உதயம். எங்களுக்கு ஒன்றுகூடக் கிடையாது.

பக்கத்து இருக்கையில் அறுபத்தைந்து வயது தாண்டிய ஒரு அம்மாள். இங்கிலாந்தில் பிறந்து பெர்த்தில் வாழ்பவர். இங்கிலாந்திலேயே இருக்கிற அக்காவைப் பார்க்கப் போகிறார். போருக்குப்பின் ஆள் தேவைப்பட்ட ஆஸ்திரேலியா, பிரிட்டிஷ்காரர்களுக்குப் பத்துப் பவுண்டுக்குக் கப்பல் டிக்கெட் கொடுத்தது. பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ஒன்பது வயதில் அப்படி வந்து ஃப்ரீமேன்டிலில் இறங்கியவர் இவர்.

"எத்தனை நாள் ஆயிற்று?"

"கிட்டத்தட்ட ஒரு மாதம். சூயஸ் கால்வாய், ஏடன், கொழும்பு" என்று விரல் மடக்கினார். "கொழும்பில் ஒரு பகல் முழுக்க நிறுத்தினார்கள். அப்பா எனக்கு ஒரு மர யானை வாங்கித் தந்தார். அம்மாவுக்கு அன்னாசிப்பழம். அவள் அதற்குமுன் டப்பாவில் அடைத்ததைத்தான் பார்த்திருந்தாள். தோலோடு கொடுத்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. விற்ற பையனே வெட்டிக் கொடுத்தான்."

யானையின் ஒரு தந்தம் உடைந்துவிட்டதாம்; இன்னும் அலமாரியில் இருக்கிறதாம். கொழும்புக்கு மறுபடி போனீர்களா என்று கேட்டேன். எத்தனையோ முறை அதன் பக்கமாகப் பறந்திருக்கிறாராம், இறங்கியதில்லை.

தூரம் சுருங்கிய கதையில் இப்படி இறங்காமல் போன ஊர்களை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. 1919இல் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் முதன்முதலில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தபோது 28 நாள் ஆனது. 1947 டிசம்பரில் குவாண்டாஸ் தொடங்கிய 'கங்காரு பாதை' சிட்னியிலிருந்து லண்டனுக்கு நான்கு நாள் எடுத்தது. வானத்தில் இருந்தது 55 மணி நேரம், மீதியெல்லாம் தரையில். டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, டிரிப்போலி என்று கங்காருவைப்போலத் தாவித் தாவிப் போனது. எங்கும் யாராவது சோறு போட்டார்கள், படுக்கை விரித்தார்கள், பெட்டி தூக்கினார்கள். எரிபொருள் தீர்ந்ததால் தெரிந்த ஊர்கள் அவை. பெர்த்திலிருந்து நேராக லண்டன் போகும் விமானம் 2018 மார்ச்சில் வந்தபோது கடைசித் தாவலும் போயிற்று. ஏறக்குறைய 1,26,000 லிட்டர் கொள்ளும் தொட்டி இருக்கும்போது கராச்சி எதற்கு, கொழும்பு எதற்கு? சிங்கப்பூர்–நியூயார்க் 15,300 கிலோமீட்டரும் ஒரே மூச்சில்தான். நான் பறந்த அதே மாதம், 2019 அக்டோபரில், நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு வெள்ளோட்டமாக ஒரு விமானம் 19 மணி 16 நிமிடம் பறந்து இறங்கியது. பூமியின் சுற்றளவில் பாதி 20,000 கிலோமீட்டர்தான். எந்த இரண்டு ஊரும் அதற்குமேல் விலகியிருக்க முடியாது என்பதால், இந்தப் பந்தயத்தில் ஓட இன்னும் கொஞ்சதூரம்தான் பாக்கி.

சாப்பாடு வந்தது. நீண்ட பயணத்துக்கு எது உடம்புக்கு ஏற்றது என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து தயாரித்த மெனு என்றார்கள். இருக்கலாம். நான் தங்கை கட்டிக்கொடுத்த புளியோதரையைப் பிரித்தேன். வறண்ட காற்றிலும் குறைந்த அழுத்தத்திலும் உப்பும் இனிப்பும் நாக்குக்கு மந்தமாகத் தெரியும். புளிப்பு அவ்வளவாக மங்காது. கோவில் மடப்பள்ளிக்காரர்கள் விமானத்துக்கு என்றே கண்டுபிடித்த பதார்த்தம்போல இருந்தது. அம்மாளுக்கும் இரண்டு கரண்டி வைத்தேன். வேர்க்கடலையை முதலில் பொறுக்கித் தின்றுவிட்டு, "இது கெடாதா?" என்றார். கெடாமலிருக்கத்தான் இதைச் செய்வதே என்றேன்.

எதிரே திரையில் படம். குட்டி விமானம் ஒன்று நீலத்தில் அசையாமல் நின்றது. நூல் போட்ட வழியை அன்று விமானி எடுக்கவில்லை. குறுகிய வழி எப்போதும் விரைந்த வழி அல்ல; எதிர்க்காற்று எங்கே குறைவோ அங்கே ஒதுங்கிப் போவார்கள். அந்த எதிர்க்காற்றால்தான் லண்டனுக்குப் போகிற நேரத்தைவிடத் திரும்பிவருவது அரைமணி நேரம் குறைவு. காற்றைவிட வம்பு பிடித்தது தரை. 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரை பாகிஸ்தான் தன் வானத்தின் பெரும்பகுதியை மூடிவைத்திருந்தது. அதே ஆண்டு ஜூனில் ஹோர்முஸ் நீரிணைப் பக்கம் அமெரிக்காவின் ஆளில்லா விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டபின் பல நிறுவனங்கள் அந்த வழியையே விட்டன. கீழே நடக்கும் சண்டைகளுக்கு ஏற்ப மேலே கோடு வளைகிறது.

ஆகவே அழகர்மலை கிடைக்கவில்லை. இந்திய நேரம் இரவு பத்தே முக்கால் இருக்கும், இலங்கையின் தெற்கே கடலோடு கடலாகப் போய்க்கொண்டிருந்தோம். வலப்பக்கம் ஜன்னலில் வெகுதூரத்தில் மங்கலாக ஒரு வெளிச்சக் கீற்று. மாத்தறையாக இருக்கலாம், காலியாக இருக்கலாம். அதில் எங்கோ கொக்கல. கட்டலினா 27 மணி நேரத்தில் எட்டிய இடத்துக்கு ஆறரை மணி நேரத்தில் வந்துவிட்டோம், நிற்காமலும் போகிறோம். அதே நேரம் மதுரையில் வடக்கு மாசி வீதிக் கடைகளில் பரோட்டாவைக் கொத்தும் சத்தம் உச்சத்தில் இருக்கும். ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர்தான். அங்கே போக நான் முதலில் லண்டனுக்குப் போயாக வேண்டும்.

அம்மாளைத் தட்டி, அதோ இலங்கை என்றேன். என் மேல் சாய்ந்து ஜன்னல் வழியே கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"ஒன்றும் தெரியவில்லையே" என்றார். அப்புறம், "அந்தப் பையனுக்கு இப்போது எழுபது இருக்கும்" என்றார்.

அதன்பின் தூக்கம், விழிப்பு, இன்னொரு தூக்கம். ஒருமுறை கண்விழித்தபோது படத்தில் கருங்கடல் என்று எழுதியிருந்தது. வெளியே அதே இருட்டு.

லண்டன், ஈஸ்ட் ஹாம்

இறங்கும்போது மணி காலை ஐந்து. விடிய இன்னும் இரண்டரை மணி நேரம். பெர்த்தில் வசந்தம் தொடங்கிப் பூக்கள் மண்டிக்கிடந்தன. இங்கே இலையுதிர்காலம், நடைபாதையெல்லாம் ஈரச் சருகு. உடம்பு மட்டும் மதியச் சாப்பாட்டுக்குத் தயாராகியிருந்தது.

நண்பர் வீடு ஈஸ்ட் ஹாமில். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் எந்த ஊர் என்று மூக்கால் சொல்ல முடியாது. ஒரு கடையில் தோசை, அடுத்ததில் கொத்துரொட்டி, அதற்கடுத்ததில் முருங்கைக்காய், பனங்கிழங்கு. பெர்த்தில் தங்கைக்கு நல்ல கறிவேப்பிலை கிடைப்பதே பாடு. இங்கே கட்டுக்கட்டாக வாசலில் கிடக்கிறது. தமிழர் எண்ணிக்கையின் வித்தியாசம் அது.

ஒரு சிறிய கடையில் மட்டன் ரோல்ஸ் சூடாக இருந்தது. கல்லாவில் வயதான யாழ்ப்பாணத்துக்காரர். எங்கேயிருந்து வருகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"பதினேழு மணித்தியாலமோ? ஒரே இருப்பில?"

"ஆமாங்க ஐயா. எங்கேயும் நிக்கலை."

சிரித்தார். "நான் இஞ்ச வந்து சேர எட்டு மாசம் எடுத்தது, தம்பி. எண்பத்தஞ்சில வெளிக்கிட்டனான். கொழும்பிலயிருந்து மொஸ்கோ. அங்கயிருந்து கிழக்கு பெர்லின். பிறகு ரெயில்ல மேற்குப் பக்கம். அங்க ஒரு முகாமில கொஞ்ச மாசம். மிச்சத்தைக் கேளாதயும்."

கொழும்புக்கும் லண்டனுக்கும் நேர்தூரம் 8,700 கிலோமீட்டர். இன்று நேர் விமானத்தில் பதினொரு மணி நேரம். அதை எட்டு மாதத்துக்கு வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் வருகிறது. நடந்து வந்திருந்தால் இதைவிட முந்தியிருப்பார். அவருக்குத் தடையாக இருந்தது எரிபொருள் தொட்டியின் அளவும் இல்லை, காற்றும் இல்லை. கையில் இருந்த கடவுச்சீட்டின் நிறம். அந்த அம்மாளின் அப்பாவை ஒரு நாடு பத்துப் பவுண்டு வாங்கிக்கொண்டு அழைத்து வந்தது. இவர் கொடுத்தது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

பிறகு அவரே பேச்சை மாற்றினார். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தை 2019 அக்டோபர் 17ஆம் தேதி சர்வதேச விமானங்களுக்குத் திறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தாராம். சென்னையிலிருந்து முதல் விமானம் வந்து இறங்கியதை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாராம். போர்க்காலம் முழுக்க அந்தப் பெயரைக் கேட்டாலே குண்டுச் சத்தம்தான் நினைவுக்கு வருமாம். அவருடைய அக்கா இருப்பது அங்கிருந்து ஆட்டோ தூரத்தில். கொழும்பில் இறங்கினால் யாழ்ப்பாணம் போக இன்னும் ஒரு நாள் போய்விடுகிறது. முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை.

"சென்னையிலயிருந்து பலாலிக்கு எவ்வளவு நேரம், தம்பி?"

"முந்நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம்தான் ஐயா. ஒன்றேகால் மணி நேரம் ஆகும்."

பில் புத்தகத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். லண்டன்–சென்னை பத்தரை. சென்னையில் காத்திருக்கிற நேரம், ஒரு கேள்விக்குறி. பலாலி ஒன்றேகால். கீழே கோடு போட்டுக் கூட்டினார். நடுவில் ஒருவர் வந்து கறிவேப்பிலைக்கு விலை கேட்டதற்கு நிமிராமலே பதில் சொன்னார்.

"சின்ன விமானமாம். எத்தனை கிலோ விடுவாங்கள்?"

தெரியவில்லை என்றேன். அதற்குள் அடுத்த பட்டியல் தொடங்கிவிட்டது: அக்காவுக்குக் கம்பளி, முழங்காலுக்குப் பூசும் களிம்பு, பேரப்பிள்ளைகளுக்குச் சொக்லேட், மருமகன் கேட்ட சப்பாத்து. "சப்பாத்து மட்டும் ரெண்டு கிலோ வரும்" என்றவர், அதை அடித்துவிட்டு, பிறகு யோசித்து மறுபடியும் எழுதினார்.